அரண்மனைத் தோட்டத்தில் இரண்டே முக்கால் மணித்தியாலம்

நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரத்தில், கிளென்ஃபீல்ட் கடைத்தொகுதிக்குப் பின்னால் மேடேறிப் போகும் மூன்றாவது குறுக்குத் தெருவில், பதினான்காம் இலக்க வீட்டில் பத்மாவதி குடியிருந்தாள். வாயால் பிழைத்தவள் என்று அவளைத் துணிந்து சொல்லலாம். கொழும்புத் தொலைபேசி நிலையத்தில் இணைப்புப் பலகைக்கு முன்னால் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு பத்தொன்பது வருடமும் ஏழு மாதமும் வேலை பார்த்தவள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று ஒரு நாளைக்கு முந்நூறு நானூறு பேருடன் கதைப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மணித்தியாலம் அவள் பேச்சு அடங்காது.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் தெஹிவளை வீடு எரிந்தது. கப்பலில் காங்கேசன்துறை போய் அங்கே ஏழு மாதம் இருந்துவிட்டு, 1984 மார்ச் 9, வெள்ளிக்கிழமை, அவளும் கணவர் ஏரம்பமூர்த்தியும் ஒக்லாந்தில் மங்கரே விமான நிலையத்தில் இறங்கினார்கள். பிள்ளைகள் இல்லை. இறங்கிய ஐந்தாவது கிழமை அவருக்கு அதே விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் வேலை கிடைத்தது. பெட்டி நிறுப்பது, விலாசத் துண்டு கட்டுவது, கொப்பியில் எழுதுவது. பத்மாவதியும் மூன்று இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். ஓரிடத்திலிருந்தும் பதில் வரவில்லை.

அவர் விடிய நாலு பத்துக்குக் காரை எடுப்பார். பின்னேரம் இரண்டரைக்கு வருவார், சாப்பிடுவார், படுப்பார். ஆறு மணிச் செய்திக்கு எழும்புவார். எட்டரைக்கு மறுபடியும் படுக்கை. ஒரு நாள் பத்மாவதி தான் பேசிய சொற்களை விரல் மடித்து எண்ணிப் பார்த்தாள். இருபத்தாறு வந்தது. அதில் ஒன்பது தெருமுனை டெய்ரிக் கடைக் குஜராத்திக்காரருக்குப் போனது, பால் வாங்கிய வகையில். காற்று மட்டும் நாள் முழுக்க யன்னலோடு கதைத்துக்கொண்டிருந்தது.

இப்படி மூன்று வருடம். பிறகு லண்டனில் தம்பி ஆனந்தராசாவின் கலியாணம் வந்தது. 1987 மே 30, சனிக்கிழமை. பெண்ணின் பெயர் புஷ்பவதி. இருவரும் போனார்கள். ஈஸ்ட் ஹாமில் தம்பி வீட்டுக் கதவு சாத்தியிருந்ததை ஐந்து கிழமையில் பத்மாவதி ஒருதரமும் காணவில்லை. ஆட்கள் வருவார்கள், இருப்பார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், இன்னாரின் மகள் இன்னாரைக் கட்டினாளாம் என்பார்கள். அவளுக்குத் தொண்டை திறந்துவிட்டது.

"இஞ்சையே நில்லுங்கோ அக்கா," என்றான் ஆனந்தராசா. "தெரிஞ்ச சட்டத்தரணி ஒராள் இருக்கிறார். ரெலிபோன் பாக்க ஆள் தேடுறார். விசா அலுவலும் அவரே பாப்பார். அத்தானும் பேந்து வரட்டும்."

"அத்தானுக்கு ஆர் சொல்லுறது?"

"நீங்கள்தான். நான் சொன்னா அடி விழும்."

போய் வீட்டை ஒதுக்கிவிட்டு ஒக்டோபரில் வருகிறேன் என்று தம்பிக்கு வாக்குக் கொடுத்தாள். கணவருக்கு வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஒரே ஒரு வசனம். 'நான் லண்டனிலை இருக்கப் போறன்.' அதை ஒன்பது நாளாக நாக்கின் கீழே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

திரும்பும் வழியை ஏரம்பமூர்த்தி பிடித்திருந்தார். சோவியத் விமானம். லண்டனிலிருந்து லெனின்கிராட், அங்கே இரண்டு நாள் ஊர் பார்ப்பது, பிறகு மொஸ்கோ, சிங்கப்பூர், ஒக்லாந்து. ஊர் பார்க்கிற ஆசை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று பத்மாவதிக்கு விளங்கவில்லை. ஒக்லாந்தில் மூன்று வருடமாக வாசலில் கிடந்த கடலையே அவர் சரியாகப் பார்த்ததில்லை.

ஜூன் 18, வியாழக்கிழமை மாலை அந்த நகரத்தில் இறங்கியபோது ஒன்பது மணி. வெளிச்சம் மட்டும் நாலு மணிக்குரியது. ஆறு அசையாமல் கிடந்தது. பாலங்களும் மஞ்சள் மாளிகைகளும் தண்ணீரிலும் ஒரு தரம் தலைகீழாகக் கட்டப்பட்டிருந்தன. எது கட்டடம், எது நிழல் என்று கண்ணால் பிரிக்க முடியவில்லை. ஹோட்டல் அறையில் யன்னல் சீலையை இழுத்து மூடினார்கள். அந்தப் பால் வெளிச்சம் சீலைக்குள்ளாலும் வந்து, கட்டிலில் தங்களுக்கு நடுவே படுத்துக்கொண்டதாகப் பத்மாவதிக்குத் தோன்றியது. இருட்டினால் சொல்லலாம் என்று காத்திருந்தாள். இருட்டவில்லை.

மறுநாள் பஸ்ஸில் இருபத்திரண்டு பேர். இவர்களைத் தவிர எல்லோரும் ஆங்கிலேயர். நகரத்துக்கு வெளியே முப்பது கிலோமீற்றர் தூரத்தில் ஒரு பழைய அரண்மனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் மரங்களிலிருந்து வெள்ளைப் பஞ்சு பறந்தது. முதலில் பனியோ என்று நினைத்தாள். கையை நீட்டினாள். உள்ளங்கையில் விழுந்தது கரையவில்லை. இலவம் பஞ்சு மாதிரி எடையே இல்லாத ஏதோ ஒன்று. ஆயிரக்கணக்கில், அவசரமில்லாமல், கீழே வருகிறோமா மேலே போகிறோமா என்ற யோசனையே இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது.

ஏரம்பமூர்த்திக்கு வரிசை என்றால் முதல் ஆளாக நிற்க வேண்டும். ஒன்றரை மணிக்கு அரண்மனை வாசலுக்குள் நுழைந்த முதல் இரண்டு பேர் இவர்கள்தான். உள்ளே சுவரோரம் ஒரு பெரிய மரப்பெட்டி, அது நிறையத் தடித்த கம்பளியில் தைத்த செருப்புகள். ஒவ்வொன்றும் சிறு தோணியளவு. கட்டுவதற்கு நாடாவும் இருந்தது. கதிரையில் இருந்த காவற்காரப் பெண் அவர்களின் காலையும் பெட்டியையும் மாறி மாறிக் காட்டினாள்.

"பாத்தீரா?" என்று ஏரம்பமூர்த்தி மகிழ்ந்துபோனார். "நல்ல பழக்கம். எங்கட ஆக்கள் மாதிரி."

சப்பாத்தைக் கழற்றினார். பத்மாவதியும் கழற்றினாள். அவர் நாலையும் எடுத்து, பெட்டிக்குப் பின்னால் ஒருவரும் தடக்காத மூலையில், முனை சுவரைப் பார்க்கச் சோடி சோடியாக அடுக்கினார். மேசு என்ற காலுறை மட்டும் போட்ட காலில் கம்பளிச் செருப்பைக் கட்டிக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். காவற்காரி அதற்குள் மற்ற இருபது பேரையும் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

உள்ளே நடக்கவே முடியவில்லை. மரத்தரை கண்ணாடி மாதிரி இருந்தது. பலநிற மரத்துண்டுகளை ஒட்டிப் பூவும் கொடியுமாகப் போட்டிருந்தார்கள். கம்பளி அதில் பட்டதும் கால் தானாகவே போனது. ஒரு உந்து உந்தினால் ஒரு யன்னல் தூரம். சீலைக் கரை பின்னால் விசிறியது. வெள்ளை மண்டபம், நீல மண்டபம், பச்சைக் கல்லில் தூண் வைத்த மண்டபம். எல்லாக் கதவும் ஒரே நேர்கோட்டில் திறந்திருந்ததால், ஒரு அறைக்குள் நின்று பார்த்தால் ஏழு அறைக்கப்பால் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் பத்மாவதிகள் போனார்கள், வந்தார்கள். வழிகாட்டிப் பெண் எந்த ராணி எந்த வருடம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பத்மாவதி கேட்கவில்லை. கனவில் நடக்கும்போது கால் இருப்பதே தெரியாதே, அந்த மாதிரிப் போய்க்கொண்டிருந்தாள். நாக்கின் கீழே இருந்த வசனம் கூடக் கொஞ்ச நேரம் எங்கேயோ போய்விட்டது.

ஐந்தாவது மண்டபத்தில் லீட்ஸ் நகரத்து அம்மையார் ஒருவர் முன்னால் வழுக்கிப் போனார். அவருடைய கம்பளிச் செருப்பின் விளிம்பால் மண்ணிறத் தோல் சப்பாத்து எட்டிப் பார்த்தது.

பத்மாவதி அடுத்தவர் காலைப் பார்த்தாள். அங்கேயும் சப்பாத்து. இருபது பேர் காலையும் பார்த்துவிட்டுக் கணவரின் கையைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ. எல்லாரும் சப்பாத்துக்கு மேலயெல்லோ போட்டிருக்கினம்."

அவரும் பார்த்தார். முகம் மாறவில்லை. "உள்ள ஊத்தையை மூடிக்கொண்டு போயினம். நாங்கள்தான் சரியாப் போறம்," என்றார்.

"சரிதான். ஆனா வந்த வழியால திரும்புவினமோ?"

திரும்பவில்லை. மூன்றேகாலுக்குச் சுற்று முடிந்தபோது அரண்மனையின் மறுபக்கத்தில், தோட்டத்துப் படியில் நின்றார்கள். அங்கே இன்னொரு பெட்டி, இன்னொரு காவற்காரி. எல்லோரும் கம்பளியைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சப்பாத்தோடு இறங்கிப் போனார்கள். இவர்கள் இருவரும் மேசுடன் கல்லில் நின்றார்கள். ஏரம்பமூர்த்தியின் மேசில் இடது பெருவிரல் தெரிந்தது.

வழிகாட்டிப் பெண் ஓடிப்போய் விசாரித்துவிட்டு வந்தாள். சிரிப்பை அடக்கியதில் அவள் காது சிவந்திருந்தது. யாரோ விட்டுப்போன பொருள் என்று நினைத்துச் சப்பாத்துகளை எடுத்துப் பூட்டி வைத்துவிட்டார்களாம். திறப்பு வைத்திருப்பவர் ஒரு வேலையாக நகரத்துக்குப் போயிருக்கிறார். ஆறு மணிக்கு வருவார். பஸ் மற்றவர்களை நீரூற்றுப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆறேகாலுக்குத் திரும்பி வரும். அதுவரை இங்கேயே இருக்க முடியுமா?

"சப்பாத்தில்லாமல் எங்க போறது?" என்றார் ஏரம்பமூர்த்தி தமிழில். பிறகு ஆங்கிலத்தில் நன்றி சொன்னார்.

காவற்காரி கம்பளிச் செருப்பை மட்டும் விடவில்லை. அது தரைக்குரியது, தோட்டத்துக்கு இல்லை என்று கையால் காட்டினாள். ஆனால் ஒரு பழைய செய்தித்தாளைக் கொண்டுவந்து, மரத்தடி வாங்குக்கு முன்னால் நாலு ஒற்றையாக விரித்துவிட்டாள். இருவரும் அதன்மேல் பாதத்தை வைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் போகும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. பஞ்சு விழுந்துகொண்டிருந்தது. ஏரம்பமூர்த்தியின் தலையில், மடியில், புல்லில், சின்ன ஆற்றின் தண்ணீரில்.

"கொட்டகையில தெரிஞ்சா ஒரு வருசத்துக்குப் பகிடி பண்ணுவாங்கள்," என்றார்.

"ஆர் சொல்லப் போறது? நீங்கள்தான் வாயே திறக்கிறேல்லையே."

"அதுவும் சரி."

பத்து நிமிடம் போனது. வெளிச்சம் அப்படியே நின்றது. நேரம் போகிறதா என்று பார்க்க நிழல் கூட அசையவில்லை. இந்த மாதிரி இருவரும் ஒரே வாங்கில், போவதற்கு இடமில்லாமல், செய்வதற்கு வேலையில்லாமல் கடைசியாக எப்போது இருந்தோம் என்று பத்மாவதி யோசித்தாள். நினைவு வரவில்லை. இதைவிட்டால் பிறகு விமானம்தான், பக்கத்தில் ஆட்கள்தான்.

"நான் லண்டனிலை இருக்கப் போறன்," என்றாள்.

சொல்லிவிட்டுக் காலடியில் கிடந்த ரஷ்ய எழுத்தையே பார்த்தாள். ஒரு எழுத்தும் விளங்கவில்லை.

"தெரியும்," என்றார் ஏரம்பமூர்த்தி.

"தம்பி சொன்னவனே?"

"இல்லை. உம்மட பெட்டி சொன்னது." அவர் மடியில் விழுந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். "வரேக்க பத்தொன்பதரைக் கிலோ. லண்டனில வெளிக்கிடேக்கத் தம்பியின்ர தராசில நிறுத்தன். பதினொன்று இருநூறு. லண்டனுக்கு வந்து திரும்பிற ஆர்ற்றை பெட்டியும் குறைஞ்சதை நான் காணேல்லை. குளிர்ச்சட்டை, கம்பளி, உம்மட நல்ல சீலை நாலு. அவ்வளவும் அங்க நிக்குது. திரும்பிப் போகாத இடத்தில ஆரும் சாமானை விடாயினம், பத்மா. மூண்டு வருசமா நான் பாக்கிற வேலை அதுதானே."

பத்மாவதிக்கு முகம் சுட்டது. "தெரிஞ்சுகொண்டு ஏன் கேக்கேல்லை?"

"கேட்டா நீர் இல்லையெண்டு சொல்லிப்போடுவீர். பேந்து அந்த இல்லையோட நாங்கள் ரெண்டு பேரும் இருக்கோணும்."

காவற்காரி படியில் நின்று இவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பிறகு பத்மாவதி தொடங்கினாள். தொடங்கினால் நிற்கவில்லை. ஒரு நாளில் பேசிய இருபத்தாறு சொல்லைப் பற்றிச் சொன்னாள். பின்னேரம் மூன்று மணிக்கு வீடு என்ன சத்தம் போடும் என்று சொன்னாள். தொலைபேசி அடித்தால் பிழையான இலக்கமாக இருந்தாலும் வைக்க மனம் வராமல், ஒருதரம் யாரோ வெள்ளைக்காரக் கிழவியின் பூனை நோயை இருபது நிமிடம் கேட்டதைச் சொன்னாள். "உங்களில கோவமில்லை," என்றாள். "நீங்கள் நல்ல மனிசன். ஆனா உங்களிட்டக் கதையில்லை. எனக்குக் கதை வேணும். சோறு மாதிரி வேணும்."

ஏரம்பமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

"கதை இருக்குது," என்றார். "வீட்டை வரேக்க முடிஞ்சிடுது."

"என்ன?"

"மங்கரேயிலயிருந்து வீட்டுக்கு முப்பத்தொரு கிலோமீற்றர். அந்தத் தூரம் முழுக்க நான் உம்மோட கதைச்சுக்கொண்டுதான் வாறனான். காருக்குள்ள. சத்தமா. பாலத்தில நிக்கேக்கப் பக்கத்துக் கார்க்காரர் பாப்பினம். அண்டைக்கு நடந்தது எல்லாம் சொல்லிப்போடுவன். நீர் சொல்லுற பதிலையும் நானே சொல்லுவன். வாசலில காரை நிப்பாட்டேக்கக் கதை சரி. பேந்து உள்ள வந்து என்னத்தைச் சொல்லுறது? ஒருக்காச் சொன்னதையே திருப்பி?"

பத்மாவதி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடலில் ஒரு பஞ்சு ஒட்டியிருந்தது.

"விசரே உங்களுக்கு?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "அந்தக் கதையை எனக்கெண்டு வைச்சிருக்கலாமெல்லோ?"

"வைச்சிருந்தனான். அவ்வளவு தூரம் தாங்கேல்லை."

அவள் மேசுக் காலால் செய்தித்தாளை ஒரு உதை உதைத்தாள். அது கொஞ்சம் கிழிந்தது. "ஒண்டு சொல்லுங்கோ. இப்ப. காருக்குச் சொன்னதில ஒண்டு."

அவர் யோசித்தார். "குதிரைக் கதை சொன்னனானோ?"

"எனக்கு நீங்கள் ஒரு கதையும் சொல்லேல்லை."

"எண்பத்தைஞ்சு நவம்பர். ஹமில்டனிலயிருந்து ஒரு பந்தயக் குதிரை, மெல்பனுக்குப் போகோணும். ஐந்நூற்றிப் பன்ரண்டு கிலோ. பெட்டிக்குள்ள ஏறமாட்டன் எண்டு நிண்டுது. எங்கட பெரியவர், சமோவாக்காரர், கரட் காட்டினார். அசையேல்லை. கூட வந்த பெடியன் அழத் தொடங்கிட்டான். விமானம் இருவது நிமிசத்தில வெளிக்கிடப் போகுது. நான் கிட்டப் போய் நிண்டு, அதின்ர காதுக்குள்ள தமிழில கதைச்சன்."

"குதிரையோடயோ? என்னெண்டு?"

"'ராசாத்தி, எனக்கும் வர விருப்பமில்லைத்தான். ஏறு. ஏறினாப் பிறகு பழகிடும்' எண்டன்."

"ஏறினதோ?"

"ஏறினது. அண்டையிலயிருந்து அங்க எனக்குக் குதிரை மூர்த்தி எண்டு பேர்."

பத்மாவதி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. ஒன்றரை வருடம் அந்தப் பெயரோடு ஒருவர் தினமும் வீட்டுக்கு வந்து போயிருக்கிறார். தனக்குத் தெரியாது. ஐந்து கிழமை ஈஸ்ட் ஹாமில் ஊர்க் கதை எல்லாம் கேட்டாள். பதினான்காம் இலக்க வீட்டுக் கதை எவ்வளவோ இருந்தும் அவள் காதுக்கு வரவேயில்லை.

அவர் இன்னொன்று சொன்னார். பிறகு இன்னொன்று. அவள் நடுவில் மறித்துக் கேட்டாள், "ஓமோ?" என்றாள், "நான் அப்பிடிச் சொல்லியிருக்கமாட்டன்" என்று காரில் தனக்காக அவர் சொன்ன பதிலைத் திருத்தினாள். வாத்துகள் ஆற்றில் வந்து போயின. வெளிச்சம் தேன் நிறமாகி, அப்படியே நிலைத்தது. பஞ்சு இருவரின் தோளிலும் ஏறி, தூரத்திலிருந்து பார்த்த காவற்காரிக்கு வாங்கில் யாரோ இரண்டு பனிச் சிலைகளை வைத்தது போலத் தெரிந்திருக்கும். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குத் திறப்புக்காரர் சப்பாத்துகளைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். இருவரும் உடனே எழும்பவில்லை. ஏரம்பமூர்த்தி ஒரு கதையின் நடுவில் இருந்தார்.

லண்டன் விசயத்தை அன்று அவள் வாபஸ் வாங்கவில்லை. அவரும் கேட்கவில்லை. "முடிவு நீர் எடும்," என்று மட்டும் சிங்கப்பூரில் சொன்னார். "எனக்கு அம்பத்திரண்டு. மூண்டாந்தரம் துவங்க என்னால ஏலாது. ஆனா உம்மை மறிக்கமாட்டன்."

ஜூன் 23, செவ்வாய்க்கிழமை காலை மங்கரேயில் இறங்கியபோது மழை. முந்தின சனிக்கிழமை நியூசிலாந்து ரக்பி உலகக் கிண்ணத்தை வென்றிருந்தது. டாக்சிக்காரர், இரண்டு பேரும் அந்த விளையாட்டைப் பார்க்கவில்லை என்றதை நம்பவேயில்லை. பாலத்தில் ஏறியதும் கீழே துறைமுகம் மங்கலாகக் கிடந்தது. "இந்த இடத்திலதான் நீர் சரியாச் சண்டை பிடிப்பீர்," என்று ஏரம்பமூர்த்தி மெல்லச் சொன்னார்.

ஜூலை 3, வெள்ளிக்கிழமை, பத்மாவதி முதல்முறையாகப் பத்து ஐம்பது பஸ் எடுத்தாள். நகரத்தில் இறங்கி, இன்னொரு பஸ் மாறி, ஒன்றேகாலுக்குச் சரக்குக் கொட்டகை வாசலில் குடையோடு நின்றாள். சமோவாக்காரர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். ஏரம்பமூர்த்தி வெளியே வந்து அவளைக் கண்டுவிட்டு, மறந்து கொப்பியையும் கையோடு கொண்டுவந்தார். திரும்பும் வழியில் முதல் பத்து நிமிடம் அவருக்குக் கதை வரவில்லை. பக்கத்தில் ஆள் இருந்து பழக்கமில்லை என்றார். சந்தி ஒன்றில் சிவப்பு விளக்கில் நின்றபோது வந்தது. அடுத்த கிழமை மூன்று நாள் போனாள். ஓகஸ்ட் தொடங்கியதிலிருந்து கிழமையில் ஐந்து நாளும்.

ஓகஸ்ட் 20, வியாழக்கிழமை காலை ஆனந்தராசா தொலைபேசி எடுத்தான். அவனுக்கு அங்கே புதன் இரவு, வேலையால் வந்த கையோடு.

"அக்கா, சட்டத்தரணி கேக்கிறார். ஒக்டோபர் எத்தினையாம் திகதி?"

"நான் வரேல்லையடா."

கம்பிக்குள் கொஞ்ச நேரம் கடல் இரைந்தது. அந்த இரைச்சலை அவள் பத்தொன்பது வருடம் கேட்டவள்.

"அத்தான் மறிச்சுப்போட்டாரோ? உண்மையைச் சொல்லுங்கோ."

"அவர் ஒரு சொல்லும் மறிக்கேல்லை. உங்கள் ரெண்டு பேரையும் நினைச்சா எனக்கு இப்பவும் அழுகைதான் வருது. புஷ்பவதியையும் கூட்டிக்கொண்டு நீ ஒருக்கா வா. டிசம்பரில வா. இஞ்ச அப்ப நல்ல வெயில்."

"அங்க தனிய இருந்து என்ன செய்யப்போறியள்? என்ன அவசரம், கொஞ்சம் கதையுங்கோவன்."

"இப்ப ஏலாது ராசா," என்றாள் பத்மாவதி, ஒரு கையால் சப்பாத்து வாரை இழுத்துக்கொண்டே. "பத்து நாப்பத்தைஞ்சு. நேற்று அவர் ஒரு கதையைப் பாதியில விட்டவர். பஸ் போயிடும்."